நியமனமும் கைங்கர்யமும்: பூதூர்ப் பெருவழியில் அவதரித்த ஐவர்

பூவிருந்தவல்லியிலிருந்து காஞ்சிக்குச் செல்லும் பெருவழியை ஒட்டி நம் ஸம்ப்ரதாயத்தின் ஐந்து திருவவதாரத் தலங்கள் உள்ளன. பூவிருந்தவல்லியில் திருக்கச்சி நம்பிகள் அவதரித்தார். அதனை அடுத்து, நசரத்பேட்டைக்கு அருகே, பழைய நூல்கள் பச்சைவாரணம் என்று குறிக்கும் வரதராஜபுரம் முதலியாண்டானின் அவதாரத் தலம். ஸ்ரீபெரும்பூதூர் எம்பெருமானாரின் ஊர் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. சுங்குவார்சத்திரத்துக்கு அப்பால் உள்ளொதுங்கியிருக்கும் மதுரமங்கலத்தில் எம்பாரும், காஞ்சிக்கு வடமேற்கே கூரத்தில் கூரத்தாழ்வானும் அவதரித்தார்கள். நடந்தே சென்றாலும் மூன்று நாளில் ஐந்து ஊர்களையும் ஸேவித்துவிடலாம்.

இவ்வழியை உலகம் இன்று வேறு வகையில் அறிகிறது. இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்பூதூர், சுங்குவார்சத்திரம், தெற்கே சிங்கப்பெருமாள்கோயில் சாலையில் ஒரகடம் எனத் தொழிற்பேட்டைகள் ஏரிக்கரைகளையும் வயல்களையும் தொட்டு விரிந்துவிட்டன. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்களும், 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸ்ஸான் கார்களும் உற்பத்தியாகத் தொடங்கின. பூதூரில் 2006-ல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1-ஆம் நாள் நின்றது. ஆலை திறந்தபோது ஊர் எப்படி மாறிற்றோ, மூடியபோதும் அப்படியே மாறிற்று. வாடகைக்கு விட்ட அறைகள் காலியாயின. சிற்றுண்டிக் கடைகள் பூட்டப்பட்டன. 2020-ல் ஊரடங்கு வந்தபோது, வடமாநிலங்களிலிருந்து வந்து இவ்வூர்களில் தங்கியிருந்தவர்கள் கூலியின்றி, ஊர் திரும்பும் வழியுமின்றி நின்றார்கள். இத்தகைய காலங்களில் நம் ஸந்நிதிகளுக்கு வரும் இளைஞர்கள் கேட்பது ஒரே கேள்வியைத்தான்: எம்பெருமானை நம்பு என்கிறீர்கள், நம்பிவிட்டு என்ன செய்வது?

இக்கேள்விக்கு விடை தேடி அயலூர் செல்லவேண்டியதில்லை என்பதே இக்கட்டுரையின் கருத்து. இந்த ஐவரின் சரித்திரங்களில் விச்வாஸம் என்பது மனத்தில் தோன்றி மனத்திலேயே தங்கும் ஒரு நிலையாக ஓரிடத்திலும் சொல்லப்படவில்லை. யாரோ ஒருவர் நியமிக்கிறார். அந்த நியமனம் மற்றொருவரின் தேவையில் போய் முடிகிறது. இடர் வரும்போதெல்லாம் இந்தப் போக்கே காணப்படுகிறது.

முதலில் சாஸ்த்ரத்தின் நிலையைச் சிறிது பார்ப்போம். பிரபத்தியின் அங்கங்களை அஹிர்புத்ந்ய ஸம்ஹிதையும் லக்ஷ்மீதந்த்ரமும் எண்ணிக் காட்டுகின்றன. 'ரக்ஷிப்பான்' என்னும் மஹாவிச்வாஸம் அவற்றுள் ஒன்று. ஆனால் வரிசையில் முதலில் நிற்பது ஆநுகூல்ய ஸங்கல்பம். இதனை எம்பெருமானுக்கு உகப்பானதையே செய்வேன் என்னும் உறுதியாக மட்டும் கொள்வது பெருவழக்கு. லக்ஷ்மீதந்த்ரம் இன்னும் ஒருபடி சென்று, எல்லா உயிர்களுக்கும் அநுகூலமாயிருத்தலே அது என்று விளக்குகிறது. எல்லா உயிர்களும் அவனுக்குச் சரீரமாயிருக்க, சரீரத்தை வருத்திவிட்டுச் சரீரியை உகப்பிக்க இயலாது என்பது அதன் உட்கருத்து. ஆகவே பிறருக்கு உதவுவதைப் பிரபந்நன் தன் விச்வாஸத்தோடு பிறகு சேர்த்துக்கொள்ளும் தர்மகாரியமாகக் கருதுவது பொருந்தாது. விச்வாஸத்துக்கு முன்னரே அதற்கு இடம் தரப்பட்டிருக்கிறது.

இனிச் சரித்திரத்துக்கு வருவோம். யாதவப்ரகாசரோடு காசி யாத்திரை சென்ற இளையாழ்வாரை விந்தியக் காட்டில் எச்சரித்துத் தப்புவித்தவர் மதுரமங்கலத்துக் கோவிந்தர்; பின்னாளில் எம்பார் ஆனவர். தனித்துத் திகைத்து நின்றவருக்கு வேடுவத் தம்பதிகள் வழித்துணையாக வந்ததும், விடியற்காலையில் அவர்கள் தாகத்துக்கு நீர் கேட்டதும், இவர் கிணற்றில் இறங்கி நீர் கொணர்ந்து கொடுத்து நிமிர்ந்தபோது அவர்கள் மறைந்து காஞ்சியின் விமானம் கண்ணில் பட்டதும் நாம் அனைவரும் கேட்டதே. இதற்குப் பின் நடந்ததைத்தான் நாம் சற்று விரைந்து கடந்துவிடுகிறோம். ஆசிரியரை இழந்து, உயிர் பிழைத்து, இனி எவ்வழி என்று அறியாத அந்த இளைஞர் திருக்கச்சி நம்பிகளை அணுகினார். நம்பிகளோ பேரருளாளனுக்குத் திருவாலவட்டக் கைங்கர்யம் செய்பவர். அந்தணர் குலத்தில் தோன்றாதவர். அவர் கொடுத்த விடை ஒரு சித்தாந்தமாகவோ ஆறுதலாகவோ அமையவில்லை. அந்தச் சாலைக்கிணற்றிலிருந்தே பெருமாளின் திருமஞ்சனத்துக்கு நாள்தோறும் ஒரு குடம் தீர்த்தம் கொண்டுவாரும் என்றார். வேதாந்தம் கற்ற தோளில் குடம் ஏறிற்று. பின்னர் அவர் ஸ்ரீபாஷ்யம் அருளினார், எழுபத்துநான்கு ஸிம்ஹாஸநாதிபதிகளை நியமித்தார், திருவரங்கத்தின் நிர்வாகத்தைச் சீரமைத்தார். அந்தக் குழப்பமான நாட்களிலோ அவரிடம் இருந்தவை ஒரு நியமனமும் ஒரு குடமுமே.

அங்கே தாகமென்று கேட்டது யார் என்பதையும் கவனிக்கவேண்டும். வேடுவர் எம்பெருமானும் பிராட்டியுமே என்பது பின்னர் தெரிந்தது. நீர் மொண்டு கொடுத்தபோது அவர் அறிந்தது களைத்த இருவரின் தாகத்தை மட்டுமே. பெருமாளுக்கான கைங்கர்யம் வழிப்போக்கரின் தாகம் தீர்த்த அதே கிணற்றிலிருந்து தொடர்ந்தது என்பதை நம் முன்னோர் காரணமின்றி எழுதிவைத்திருக்கமாட்டார்கள்.

முதலியாண்டானின் சரித்திரம் இதனினும் நுட்பமானது. இவர் எம்பெருமானாரின் ஸஹோதரியின் குமாரர். ஸந்யாஸம் கொள்ளும்போது எல்லாவற்றையும் துறந்தேன், முதலியாண்டானைத் தவிர என்று எம்பெருமானார் அருளியதாகவும், அதனால் இவரை அவருடைய த்ரிதண்டமாகவே கருதினர் என்றும் சொல்வர். இத்தகையவர் சரமச்லோகத்தின் பொருளை வேண்டியபோது, திருக்கோட்டியூர் நம்பியிடம் சென்று கேளும் என்று அனுப்பப்பட்டார். நம்பியோ ஆறு மாதம் காக்கவைத்து, கல்வி, செல்வம், குடிப்பிறப்பு ஆகியவற்றால் வரும் செருக்கு அற்றபின் உம் ஆசாரியரே சொல்லுவார் என்று திருப்பியனுப்பினார்.

அப்போதுதான் அத்துழாய் வருகிறாள். பெரிய நம்பியின் திருமகள். புதிதாகப் புக்ககம் சென்றவள். இருள் பிரியாத வேளையில் தனியே நீர்த்துறைக்குச் செல்ல அஞ்சி, துணை வேண்டுமென்று மாமியாரிடம் சொன்னாள். சீதன வெள்ளாட்டியைக் கூட்டி வந்திருக்கிறாயோ என்னும் ஏச்சே மறுமொழியாகக் கிடைத்தது. அவள் தந்தையிடம் வந்து அழுதாள். தந்தை, உன் தமையனான ஜீயரிடம் போய்ச் சொல் என்றார். ஜீயர் கேட்டார், அருகில் நின்ற முதலியாண்டானைச் சுட்டி, இதோ உன் சீதன வெள்ளாட்டி, அழைத்துப் போ என்றார். வேதாந்த வித்வான் அந்த அகத்தின் அடுக்களைக்குச் சென்றார். நீர் சுமந்தார், விறகு பிளந்தார், தளிகை செய்தார். ஒருநாள் அவ்வகத்தில் ஒருவர் சாஸ்த்ரார்த்தம் தவறாகச் சொல்ல, இவரால் பொறுக்க முடியாமல் திருத்தியபோதுதான் இவர் யாரென்று வெளிப்பட்டது. அவ்வகத்தார் நடுங்கி எம்பெருமானாரிடம் வந்து, இவரைத் திரும்ப அழைத்துக்கொள்ளவேண்டும் என்று வேண்டினார்கள். அதன்பின் கேட்ட பொருள் ஆண்டானுக்குக் கிடைத்தது.

உபந்யாஸங்களில் இவ்வரலாறு ஆண்டானின் அஹங்காரம் ஒழிந்த வரலாறாகவே சொல்லப்படுகிறது. அப்படித்தான் என் தகப்பனாரும் எனக்குச் சொன்னார், அது தவறன்று. ஆயினும் நூலை மீண்டும் படிக்கும்போது தொடக்கத்தில் நிற்பது ஒரு பெண்ணின் அச்சம் என்பது புலப்படும். ஆண்டானின் பக்குவம் கதையின் பயன். அத்துழாயின் முறையீடே கதைக்கு நிமித்தம். அவளுக்கு ஒரு பணிப்பெண்ணை அனுப்பியிருக்கலாம். மாமியாரைக் கண்டித்து ஆள் அனுப்பியிருக்கலாம். எம்பெருமானார் தம்மால் துறக்க முடியாதது எதுவோ அதனையே கொடுத்தார். ஆகவே இந்த நியமனத்தின் பாரம் ஏற்றவர் தோளில் மட்டும் விழவில்லை; இட்டவர்மீதும் விழுந்தது. ஒரு நியமனம் ஆசாரிய நியமனமா, வெறும் அதிகாரமா என்று பிரித்தறிய இதைவிடத் தெளிவான அடையாளத்தை நான் கண்டதில்லை.

இதனை இங்கே வற்புறுத்தக் காரணம் உண்டு. பாரதந்த்ரியம் என்னும் சொல்லை எடுத்துக்கொண்டு, மேலிருப்பவர் சொல்வதையெல்லாம் கேட்பதே வைஷ்ணவ லக்ஷணம் என்று கூறுவோர் இருக்கிறார்கள். ஆலைகள் நிறைந்த இந்நாட்டில் அக்கூற்று எளிதில் வேறு பயனுக்கு இழுக்கப்படும். எம்பெருமானார் இக்கேள்வியை வேதார்த்தஸங்க்ரஹத்தின் இறுதிப் பகுதியில் நேராகவே எதிர்கொண்டார். பிறர்வசமாயிருப்பதெல்லாம் துன்பம் என்றும், ஊழியம் நாயின் பிழைப்பு என்றும் மநு சொல்லியிருக்க, சேஷத்வம் எப்படி இன்பமாகும் என்பது ஆக்ஷேபம். அவர் மநுவை மறுக்கவில்லை. தகாதவனுக்கு, கர்மத்தால் கட்டுண்டு செய்யும் ஊழியத்துக்கு அவ்வசனம் முற்றும் பொருந்தும். ஆத்மாவுக்கு இயல்பாகவே சேஷியானவனுக்குச் செய்யும் பணிக்குப் பொருந்தாது என்று பிரித்தார். கீழ்ப்படிதல் தன்னளவில் நன்மையாகாது. யாருக்கு, எதற்காக என்பதே கேள்வி. நள்ளிரவு முறை முடிந்து பேருந்திலிருந்து இறங்கி, விளக்கில்லாத தெருவில் தங்கும் அறைவரை நடக்கும் பெண்கள் ஒரகடத்திலும் சுங்குவார்சத்திரத்திலும் இன்று ஆயிரக்கணக்கில் உள்ளனர். அவர்களுக்குப் பொறுமையை உபதேசிப்பதற்கு முன், அத்துழாயிடம் பொறுமையை உபதேசிக்காத ஒருவர் இவ்வூரில் அவதரித்தார் என்பதை நினைக்கவேண்டும்.

எம்பாரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். எம்பெருமானார் வேண்டியதால் பெரிய திருமலை நம்பி அவரை உதகதாரையோடு தந்துவிட்டார். பிரிவாற்றாமல் மேனி வெளுத்தவரை, ஒருமுறை ஸேவித்துவாரும் என்று எம்பெருமானாரே திருப்பியனுப்பினார். நம்பியோ அவருக்கு அமுது செய்யவும் சொல்லவில்லை. விற்ற பசுவுக்குப் புல்லிடுவார் உண்டோ என்று கேட்டார். கடுமையாகத் தோன்றும். கொடுத்ததை முழுதும் கொடுத்தார் என்பதே இதன் பொருள். இதே எம்பார்தான் ஒரு பாம்பின் வாயில் தைத்த முள்ளைக் கைவிட்டு எடுத்துவிட்டு, நீராடிவர நேரமானது ஏன் என்று கேட்டபோது அதைச் சொன்னவர். அநுகூலம் எல்லா உயிர்களுக்கும் என்று மேலே கண்டோமல்லவா?

கூரத்தாழ்வானுக்கு வருகையில் விஷயம் கனக்கிறது. பெருஞ்செல்வர், அன்னமிடும் திருமாளிகையின் கதவடைக்கும் ஓசை காஞ்சிவரை கேட்டதாம். அத்தனையும் விட்டுத் திருவரங்கம் புறப்பட்ட வழியில், காட்டில் பயம் உண்டோ என்று தேவிகள் ஆண்டாள் கேட்க, மடியில் ஏதேனும் இருந்தாலன்றோ பயம் என்றார். இருந்தது, அவர் பருகுவதற்கென்று ஆண்டாள் எடுத்து வந்த ஒரு பொன்வட்டில். அதையும் எறியச் செய்தார். அரங்கத்தில் உஞ்சவிருத்தியில் வாழ்ந்தார்.

அடுத்து வந்தது சோழனின் ஆணை. கிருமிகண்ட சோழன் எனப்பட்டவன் யார் என்பதில் ஆய்வாளரிடையே ஒருமித்த முடிவில்லை. ஸம்ப்ரதாயக் கணக்கில் எம்பெருமானாரின் காலம் 1017 முதல் 1137 வரை. 1070-ல் பட்டமேறிய முதற் குலோத்துங்கன் என்றால், அவன் காலத்தில் திருமால் கோயில்களுக்கும் கொடைகள் நடந்ததைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. தில்லைக் கோவிந்தராஜரை அகற்றியதாக ஒட்டக்கூத்தர் பாடும் இரண்டாம் குலோத்துங்கன் என்றால், அவன் அரசேறியது 1133 அளவில். ஸம்ப்ரதாயக் கணக்குக்கு அது மிகவும் பிந்தியது. திருநாராயணபுரப் பிரதிஷ்டைக்கு வழங்கும் 1099 என்னும் ஆண்டும் ஹொய்ஸள விஷ்ணுவர்த்தனனின் ஆட்சிக்கு முந்தியதாகிறது. இம்முடிச்சு காலக்கணக்கைப் பற்றியது. அரசனுக்கு அஞ்சி ஒரு தலைமுறை சிதறியது என்னும் நினைவு எல்லா நூல்களிலும் ஒருமுகமாக இருப்பதால், அதனைக் கற்பனை என்று தள்ளுவதற்கு எனக்கு மனமில்லை.

அந்த ஆணையும் கீழ்ப்படிதலையே கேட்டது. சிவனுக்கு மேற்பட்டதில்லை என்று எழுதிய ஓலையில் கையெழுத்திடுவதற்கு மேல் எதுவும் வேண்டப்படவில்லை. எம்பெருமானாரின் காஷாயத்தையும் த்ரிதண்டத்தையும் தாம் தரித்துக்கொண்டு ஆழ்வான் சென்றார். எம்பெருமானார் வெள்ளை சாற்றி மேற்கே எழுந்தருளினார். நூற்றைந்து பிராயத்துப் பெரிய நம்பியும், கூடவே அத்துழாயும் சென்றார்கள். அரசவையில் ஆழ்வான் அளவைப் பெயர்களை வைத்துச் சொல்லாடி மறுத்ததும், இருவரும் கண்ணிழந்ததும் தெரிந்ததே. நீர்த்துறைக்குத் தனியே போக அஞ்சிய அத்துழாய்தான் பார்வையற்ற இரு பெரியோர்களை வழிநடத்தித் திரும்பியவள் என்பதை எந்த உபந்யாஸகரும் சொல்லி நான் கேட்டதில்லை.

திரும்பும் வழியில் பெரிய நம்பிக்கு இறுதிக்காலம் நெருங்கிற்று. இன்னும் சிறிது தூரமே, அரங்கத்தின் எல்லைவரை உயிரைத் தாங்கிக்கொள்ளக் கூடாதோ என்றாள் மகள். நம்பி இசையவில்லை. நம்பியே அரங்கத்தை அடைந்துதான் திருநாடு பெற்றார் என்று பின்புள்ளார் எண்ணினால், எங்கோ தொலைவில் சாக நேரும் பிரபந்நன் தன் கதி என்னவோ என்று கலங்குவானே என்றார். ஆழ்வான் மடியில் திருமுடியும் மகள் மடியில் திருவடியுமாகக் கண்வளர்ந்தார். பிரபந்நனுக்கு இறக்கும் இட நியமமில்லை என்னும் ஸித்தாந்தத்துக்கு இதைவிட வலுவான பிரமாணம் எந்த ரஹஸ்ய கிரந்தத்தில் உண்டு? தம் கடைசி மூச்சையும் அவர் தமக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. அறியாத பின்னோர்க்காகச் செலவிட்டார். 2020-ல் சொந்த ஊர் சேராமல் வழியில் மாண்டவர்களின் செய்திகளைப் படித்தபோது எனக்கு இவ்விடமே நினைவுக்கு வந்தது.

அரங்கம் திரும்பிய ஆழ்வானைக் கோயில் வாசலில் தடுத்தார்கள். எம்பெருமானாரின் ஸம்பந்தமுடையார் உள்ளே புகலாகாது என்று அப்போது ஆணை. காவலருள் ஒருவர், இவர் யாவர்க்கும் நல்லவர், விடலாம் என்றார். ஆழ்வான் இரண்டடி பின்வாங்கினார். நற்குணங்கள் ஆசாரிய ஸம்பந்தத்துக்கு வழியாகவேண்டியிருக்க, ஸம்பந்தத்தை விட்டு என் குணத்தால் புகுவேனோ என்று திரும்பித் திருமாலிருஞ்சோலை சென்றார். ஸுந்தரபாஹு ஸ்தவம் அங்கே பிறந்தது.

பல ஆண்டுகள் கழித்து எம்பெருமானார் மீண்டபோது, காஞ்சிப் பேரருளாளனைத் துதித்துக் கண்களை வேண்டும் என்று ஆழ்வானை நியமித்தார். வரதராஜ ஸ்தவத்தை விண்ணப்பித்த ஆழ்வான், வரம் தர உகந்த பெருமாளிடம், நான் பெறும் பேற்றை நாலூரானும் பெறவேண்டும் என்றார். தம்மைச் சோழனிடம் காட்டிக்கொடுத்தவனே அந்த நாலூரான். இதனைக் கேட்டு எம்பெருமானார் முதலில் வருந்தினார் என்றே நூல்கள் சொல்கின்றன. வருந்தாமல் எப்படியிருப்பார்? நியமித்தது ஒன்று, நடந்தது மற்றொன்று. வாழ்நாள் முழுதும் ஆணையைத் தாண்டாத ஒருவர் இங்கே தாண்டினார்.

ஆனால் தாண்டுவதை அவருக்குக் கற்றுத்தந்தவர் யார்? திருக்கோட்டியூரில் பதினெட்டு முறை நடந்து பெற்ற பொருளை, வெளியிட்டால் நரகம் என்று அறிந்தும் வெளியிட்டவர் எம்பெருமானாரே. கோபுரமேறிச் சொன்னார் என்பது இன்று பரவலாக வழங்கும் வடிவம். ஏடுகளில் விவரங்கள் வேறுபடும். பலர் உய்ய நான் ஒருவன் நரகம் புகுவேன் என்னும் கருத்தில் வேறுபாடில்லை. அதனைக் கேட்டுத் திருக்கோட்டியூர் நம்பி தழுவிக்கொண்டார். இவ்விரண்டு இடங்களிலும் ஆணையின் சொல் மீறப்பட்டது. ஆணை எந்தக் கருணையிலிருந்து பிறந்ததோ அது மீறப்படவில்லை. தன் நலத்துக்காக நியமனத்தைத் தாண்டியவர் ஒருவரையும் இந்தச் சரித்திரங்கள் கொண்டாடவில்லை. பிறர் நலத்துக்காகத் தாண்டிய இருவரைத்தான் கொண்டாடுகின்றன. இதனை ஒரு விதியாக வகுத்துச் சொல்ல நம் பூர்வர்கள் முற்படவில்லை என்பதும் நல்லதே. விதியாக்கினால் எவரும் தம் விருப்பத்தைக் கருணை என்று பெயரிட்டுக்கொள்வர்.

தை மாதத்து ஹஸ்தத்தில் ஆழ்வானின் திருநக்ஷத்ரத்துக்குக் கூரம் செல்பவர்கள் அவ்வூரின் மற்றொரு பழமையையும் நினைக்கலாம். ஆழ்வானுக்கு நான்கு நூற்றாண்டுகளுக்கு முன், பல்லவன் முதலாம் பரமேச்வரவர்மன் அங்கே ஒரு சிவாலயத்துக்கு அளித்த செப்பேடு கிடைத்துள்ளது. வடமொழிப் பகுதியும் தமிழ்ப் பகுதியும் கொண்ட சாஸனம் அது. நிலத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் இடத்தில், அங்குள்ள மண்டபத்தில் பாரதம் வாசிப்பவனுக்கு ஒரு பங்கு சொல்லப்பட்டிருக்கிறது. அதே மண்டபத்துக்குத் தண்ணீர் கொண்டுவருபவனுக்கும் அதில் பங்கு உண்டு.